இரண்டு அரை டிக்கெட்

மார்ச் 4

அம்மாவுக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஃபோனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் நம் வீட்டு ஃபோனில் பேசுவதும் தெருவில் நின்று பேசுவதும் ஒன்றுதான். அப்பாவுக்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பாய், எதிர்வீட்டுக்காரர்கள் நடுவில் பதில் சொல்வார்கள். ஆயுசு முழுக்கப் பஸ் ஓட்டி, எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த காது, அவரைக் குறை சொல்லி என்ன செய்ய. அது போக, இரண்டு வருஷமாக நீயும் நானும் பேசுவது "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டவும் இல்லை.

இரண்டே கேள்விகள். சின்ன வயதில் எனக்கு எப்போதாவது வேறு யாருடைய ரத்தமாவது ஏற்றினார்களா? நான் பிறந்தபோது கூட இன்னொன்று, இரட்டையாக, இருந்ததா?

ஏன் என்று கேட்பாய். என் வேலை என்ன என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கர்ப்பமாக இருக்கும் பெண்ணின் ரத்தத்தில் வயிற்றுப் பிள்ளையின் டி.என்.ஏ.வும் கொஞ்சம் கலந்து ஓடும். நஞ்சுக்கொடியிலிருந்து உதிர்ந்து வருவது. அதைப் படிக்க முடிந்தால், வயிற்றில் ஊசி குத்தாமல் தாயின் கையில் எடுத்த ரத்தத்தை வைத்தே பிள்ளைக்கு என்ன குறை என்று சொல்லிவிடலாம். எத்தனை சீக்கிரம், எத்தனை குறைவாக இருந்தாலும் படிக்க முடியும் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. பிள்ளை பையனாக இருந்தால் எங்களுக்கு வேலை சுலபம். ஒய் குரோமோசோம் பெண்ணுக்குக் கிடையாது. தாயின் ரத்தத்தில் அது தெரிந்தால் பிள்ளையுடையது என்று அர்த்தம். எங்களுக்கு அது ஓர் அடையாளம் மட்டும், யாரிடமும் சொல்ல மாட்டோம்.

இயந்திரம் பொய் சொல்லாமல் இருக்க ஒவ்வொரு தடவையும் கர்ப்பமே இல்லாத ஒரு பெண்ணின் ரத்தத்தையும் கூட வைப்போம். வெற்றுக் குழாய் என்று பெயர். அதற்கு என் ரத்தத்தைத்தான் கொடுக்கிறேன். ஒய் இருந்தால் இயந்திரத்தின் திரையில் ஒரு கோடு மேலே ஏறும்; என் குழாய்க்கு அது தரையோடு தரையாக ஓட வேண்டும். ஆனால் மற்றதெல்லாம் ஏறி முடித்த பிறகு, கடைசியில், என் கோடு மெதுவாகத் தலை தூக்குகிறது.

என் ரத்தத்தில் ஓர் ஆண் தெரிகிறான், அம்மா. ஒரு தடவை இல்லை. பல தடவை.

பதில் போடு.

உன் மகள்


மார்ச் 15

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. ரத்தம் ஏற்றவில்லை. இரட்டை இல்லை. நீ ஒருத்தி பிறந்து போட்ட சத்தமே நாலு பேருக்குக் காணும்.

உன் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டேன். இப்போது என் கேள்விக்குச் சொல். சுற்றி வளைத்து ரத்தம், கோடு, குழாய் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். பிள்ளை வயிற்றில் இருந்தால்தான் அது தெரியும் என்றும் நீயே எழுதியிருக்கிறாய். எனக்குப் படிப்பு குறைவுதான், ஆனால் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவள். வரிசையில் நிற்கிறவன் வாய் திறக்கும் முன்னே எந்த ஊர் என்று சொல்லிவிடுவேன். உனக்கு ஏதாவது ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் நேராகச் சொல். கத்துவேன், அப்புறம் வந்து கூட இருப்பேன்.

ஏற்கனவே பஸ் ஸ்டாண்டில், நான் வேலை பார்த்த அதே இடத்தில், கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்க்க, "ஒரு நாளாவது என்னைக் கட்டிப் பிடிச்சிருக்கியா" என்று கேட்டுவிட்டு பஸ் ஏறினவள் நீ. அதைவிட என்ன கேவலம் வந்துவிடப் போகிறது.

அப்பா நன்றாக இருக்கிறார். காதுதான்.

அம்மா


மார்ச் 24

அம்மாவுக்கு,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்போதும் ஆனதும் இல்லை. இதையே எங்கள் பேராசிரியரும் இருமி இருமிக் கேட்டார், பாவம், தரையைப் பார்த்துக்கொண்டு. உன்னிடம் கேட்டிருந்தால் ஒரே வரியில் முடித்திருப்பாய்.

பஸ் ஸ்டாண்டில் கேட்டது தப்புதான், ஊர் பார்க்கக் கேட்டது. கேட்ட கேள்வி தப்பில்லை.

இங்கே நிலைமை சொல்கிறேன். ரத்தத்தைப் பிரிக்கும் அறைக்குள் ஆண்கள் வரக்கூடாது. ஒரு பொடுகு விழுந்தால் போதும், கெட்டது. பேராசிரியரே கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பேசுவார். என் கோடு ஏறினதும் முதலில் கதவைச் சந்தேகப்பட்டார்கள். பூட்டு மாற்றினார்கள். குழாய் எல்லாம் புதிதாக வாங்கினார்கள். துடைத்தோம், கழுவினோம், மறுபடி ஓட்டினோம். அவன் வந்தான். "யாரோ ஒரு ஆள் உள்ள வந்துட்டுப் போறான்ம்மா" என்கிறார் பேராசிரியர். கேட்ட நாளிலிருந்து அந்த அறையில் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு முன்னே உள்ள கண்ணாடியில் அடிக்கடி பின்னால் பார்க்கிறேன். யாரும் இருப்பதில்லை.

வெற்றுக் குழாய் கெட்டது என்றால் அதோடு வைத்த எல்லாக் குழாய்களும் கெட்டவை. இரண்டு வருஷ வேலை, எத்தனையோ பெண்கள் நம்பிக் கை நீட்டிக் கொடுத்த ரத்தம், எல்லாவற்றையும் ஏப்ரல் கடைசியில் குப்பையில் போடச் சொல்லிவிடுவார்கள்.

ஒன்று சொல்லட்டுமா. எனக்கு ஐந்தாறு வயது இருக்கும். அத்தை வீட்டுக்குப் போகிறோம், நீ, நான், அப்பா. அன்று உன் கவுண்டரில் வேறு ஒருவர் இருந்தார். நீ குனிந்து, "ரெண்டு முழு, ரெண்டு அரை" என்றாய். அவர் சிரித்துக்கொண்டே, "பொண்ணு ஒண்ணுதானே" என்றார். அப்பா அவசரமாக, "தப்பா சொல்லிட்டா" என்றார். நீ பணத்தை நீட்டி, இரண்டு அரை டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டாய். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இடத்தில் யாரோ உட்கார வந்தபோது, "ஆள் இருக்கு" என்றாய்.

டிக்கெட் விஷயத்தில் நீ வாழ்நாளில் கணக்குத் தவறினதில்லை.

எனக்கு முன்னால் யாராவது இருந்தார்களா, அம்மா?

உன் மகள்


ஏப்ரல் 9

மகளுக்கு,

இதைப் பற்றி இனி எழுதாதே. சொல்வதற்கு ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளை ஞாபகத்தை எல்லாம் ஆராய்ச்சியில் சேர்ப்பார்களா என்ன. வேறு ஒருத்தியிடம் ரத்தம் வாங்கி வைத்துக்கொள். உலகத்தில் பெண்ணுக்கா பஞ்சம்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. அப்பாவுக்குப் புதுக் காதுக் கருவி வந்தது. போட்டால் விசில் அடிக்கிறது என்று கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார்.

அம்மா

இதைக் கேட்டு எழுத வேண்டியதில்லை, ஆனாலும். அந்தக் கோடு என்று எழுதினாயே, அது உயிரோடு இருக்கிறதா, இல்லை வெறும் கறை மாதிரியா? பதில் போட வேண்டாம்.


ஏப்ரல் 18

அம்மாவுக்கு,

பதில் போட வேண்டாம் என்றாய். போடுகிறேன்.

உயிரோடு இருக்கிறது.

எப்படித் தெரியும் என்றால், என் சோம்பேறித்தனத்தால் தெரியும். ரத்தத்தை இயந்திரத்தில் வைத்து வேகமாகச் சுழற்றினால் செல்கள் கீழே படியும், மேலே மஞ்சள் நீராகப் பிளாஸ்மா நிற்கும். உதிர்ந்த டி.என்.ஏ. மிதப்பது அந்த நீரில். நீரில் ஒரு செல்கூட மிச்சம் இருக்கக்கூடாது என்பதால் இன்னொரு தடவை சுழற்ற வேண்டும். கர்ப்பிணிகளின் குழாய்களை இரண்டு தடவை சுழற்றினேன். என்னுடையது வெற்றுக் குழாய்தானே என்று ஒரு தடவையோடு விட்டுவிட்டேன். போன வாரம் என்னுடையதையும் இரண்டு தடவை சுழற்றினேன். நீரில் அவன் இல்லை. கீழே படிந்த செல்களில் இருக்கிறான். அறைக்குள் யாரும் வரவில்லை, கதவு தப்பு செய்யவில்லை. கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களின் ரத்தத்தையும் அதே நாளில், அதே மேஜையில் ஓட்டினேன். சுத்தமாக இருந்தது. என்னிடம் மட்டும்தான்.

பிள்ளை பிறந்த பிறகு அதன் உதிர்ந்த டி.என்.ஏ. தாயின் ரத்தத்தில் ஓரிரு நாள்கூடத் தங்காது. போய்விடும். ஆனால் முழுச் செல்கள் சில சமயம் போவதில்லை. தாய்க்குள்ளேயே குடியிருந்துவிடும், வருஷக் கணக்கில். அடுத்த பிள்ளை உண்டாகும்போது அதில் ஒன்றிரண்டு அந்தப் பிள்ளைக்குள்ளும் வரலாம். எங்கள் ஆட்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். தனக்கு நடக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

ஊசி குத்தி எடுத்த குழாய் கையில் வெதுவெதுப்பாக இருக்கும். ஐஸில் வைத்தால்தான் ஆறும். இத்தனை நாள் அது என்னுடைய சூடு என்று நினைத்திருந்தேன்.

ஏன் இப்படி நடக்கிறது என்று நான் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் மற்ற குழாய்கள் எல்லாம் பிழைக்கும். மாதக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் அந்த வரியை எழுத மாட்டேன். இல்லை என்றால் இல்லை என்று எழுது, நம்பிவிடுகிறேன். ஆமாம் என்றால் ஒரு வார்த்தை போதும்.

மிளகு

(அந்தச் செல்லப் பெயரில் கையெழுத்துப் போட்டு எத்தனை நாள் ஆயிற்று.)


ஏப்ரல் 26

மிளகுக்கு,

ஆமாம்.

உன் பேராசிரியருக்கு அது போதும். மீதி உனக்கு.

உனக்கு இரண்டு வருஷம் முன்னால் ஒருவன். மாதம் நிறைந்துதான் இருந்தது. கவுண்டரில் இருக்கும்போதே வலி எடுத்தது. வரிசை நீளமாக நின்றது. கடைசி ஆளுக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தேன். அந்தத் தாமதத்தால் எதுவும் ஆகவில்லை என்று டாக்டர் அப்புறம் சொன்னார். நானும் எனக்கு அதைத் தினமும் சொல்கிறேன்.

பிரசவ அறையில் எனக்கு எல்லாச் சத்தமும் கேட்டது. தட்டில் கத்தரி வைக்கிற சத்தம், குழாயில் தண்ணீர், நர்ஸின் செருப்பு. அழுகை மட்டும் கேட்கவில்லை. இப்போ கேட்கும், இப்போ கேட்கும் என்று படுத்திருந்தேன். "என் கையில குடுங்க" என்றேன். அத்தைதான் கூட இருந்தாள். "வேணாம், சில்லுனு ஆயிடுச்சு, பார்த்தா உன்னால மறக்க முடியாது" என்றாள். நல்லதுக்குத்தான் சொன்னாள். பார்க்காமலும் மறக்க முடியவில்லை என்று அவளிடம் யார் சொல்வது. அப்பா ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் டிப்போவுக்குப் போய் பஸ்ஸைக் கழுவினாராம். உள்ளே, வெளியே, சக்கரம் எல்லாம். அதற்கு ஆள் இருந்தார்கள், இவரே கழுவினாராம். ராத்திரி வந்து, "அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு நெனச்சுக்கோ" என்றார். சரி என்றேன். இரண்டு பேரும் அந்தச் சொல்லைக் காப்பாற்றிவிட்டோம்.

பெயர் வைக்கவில்லை. வைத்திருந்தால் எதைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்றாவது தெரிந்திருக்கும்.

அப்புறம் நீ வந்தாய். அழுதாய், ஊரே கேட்க. நர்ஸ் நீட்டினாள். நான் வாங்கவில்லை. என் கை பட்டால் நீயும் சில்லென்று ஆகிவிடுவாயோ என்று பயம். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அந்தக் கை என்னுடையது, எனக்குத்தான் தெரியும். அத்தை வாங்கினாள், குளிப்பாட்டினாள், தூங்க வைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து உன் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நாளைக்குத் தூக்கலாம், நாளைக்குத் தூக்கலாம் என்று இருந்தேன். அதற்குள் நீ நடந்துவிட்டாய்.

டிக்கெட் தப்பாகச் சொல்லவில்லை. எப்போதும் கண்ணாடிக்கு உள்ளே இருப்பவள், அன்றைக்கு வெளியே நின்றேன். எத்தனை பேர் என்று அந்த ஆள் கேட்டார். அவனும் இருந்திருந்தால் அரை டிக்கெட் வயதுதான். வாய் சொல்லிவிட்டது.

உன் கடிதத்தைப் படித்த பிறகு உன் அப்பாவிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டு இருந்தார். பக்கத்தில் போய் மெதுவாக, "அவனை எங்கே வெச்சீங்க" என்றேன். "என்ன?" என்றார். கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். "மூக்குக் கண்ணாடியா? அலமாரியில இருக்கு பாரு" என்றார். காதுக் கருவி டப்பாவில் கிடக்கிறது. என்ன செய்வேன், கத்தினேன். "நம்ம பையனை எங்கே வெச்சீங்க?" எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தெருவில் சைக்கிளில் போனவன் கால் ஊன்றி நின்றான். இத்தனை வருஷம் மூச்சு விடாமல் வைத்திருந்தது ஒரே நொடியில் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

அவர் பேப்பரை மடித்தார். நாலாக மடித்து, மறுபடி விரித்து, மறுபடி மடித்தார். காது போனதிலிருந்து மனுஷன் கத்தித்தான் பேசுவார், அன்றைக்கு எனக்கே கேட்காத குரலில் சொன்னார். "உன்னோட தாடைதான் அவனுக்கு. அப்படியே உன்னோட தாடை."

எங்கே என்பதையும் சொன்னார். அதை எழுத மாட்டேன். நீ வந்தால் மூன்று பேரும் போகலாம்.

இப்போது ஒரு காரியம் செய். உனக்கு வந்தது என் வழியாகத்தானே. அப்படியானால் என்னிடம் இன்னும் நிறைய இருப்பான். என் ரத்தத்தையும் பார். எங்கே, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று சொல்.

அம்மா


மே 14

அம்மாவுக்கு,

அந்த வரியை எழுதிக் கொடுத்துவிட்டேன். "மூத்த சகோதரன் ஒருவன் இருந்தான்." பேராசிரியர் கண்ணாடிக்கு வெளியே நின்று படித்தார். கையெழுத்துப் போட்டார். மற்ற குழாய்கள் எல்லாம் பிழைத்தன. வெற்றுக் குழாய்க்கு இனி வேறு ஒரு பெண் ரத்தம் கொடுப்பாள். நான் அதற்கு ஆகமாட்டேன். வெற்று இல்லையே.

நான் அனுப்பிய ஐஸ் பெட்டியிலேயே உன் ரத்தம் பத்திரமாக வந்தது. நம் ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் குத்தும்போது நீ அவளுக்கே எப்படிக் குத்துவது என்று சொல்லிக் கொடுத்தாயாம், கூட வந்த சீட்டில் எழுதியிருந்தாள்.

அம்மா, மூன்று தடவை ஓட்டினேன். மேலே நீரிலும் பார்த்தேன், கீழே செல்களிலும் பார்த்தேன். உன் கோடு தரையோடுதான் ஓடுகிறது. கடைசி வரைக்கும் உட்கார்ந்து பார்த்தேன், இயந்திரம் தானாக நிற்கும் வரைக்கும். ஏறவில்லை.

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு முழு நாள் நினைத்தேன். இருக்கிறான் என்று ஒரு வார்த்தை, யார் வந்து பார்க்கப் போகிறார்கள். ஆனால் நீ ஆமாம் என்று எழுதிய பிறகு உன்னிடம் நான் பொய் சொல்லக்கூடாது. ஒரு குழாய் என்பது உடம்பில் ஓடுவதில் துளிதான். எலும்புக்குள்ளோ ஈரலிலோ அவன் இருக்கலாம், எங்களால் அங்கே போய்ப் பார்க்க முடியாது. இந்தக் குழாயில் இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். என்னிடம் இருப்பவன் அவன்தான் என்றும் இயந்திரம் சத்தியம் செய்யாது. ஆண் என்று மட்டும் சொல்லும்.

எனக்கு அவன்தான்.

இன்னும் ஒன்று. காய்கறி நறுக்கும்போது விரலில் பட்டால் இப்போதெல்லாம் பதறிப் போய் அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன். முன்பு நக்கிவிட்டு வேலையைப் பார்ப்பேன். யாரையோ பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் விட்டுப் போன மாதிரி இருக்கிறது. தனியாகத் தூங்கப் போகிறேன் என்று தோன்றுவதில்லை. அது நல்லதா கெட்டதா என்று இன்னும் தெரியவில்லை.

கோபப்படாதே. அழுதால் அப்பாவிடம் சொல்லிவிட்டு அழு. சத்தமாகச் சொல்.

மிளகு


மே 22

மிளகுக்கு,

கோபம் இல்லை. அழுதேன், அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான். எதிர்வீட்டு அம்மாளும் வந்து உட்கார்ந்து அழுதாள். அவளுக்கும் ஒன்று இருந்ததாம். இத்தனை வருஷம் எதிர் எதிரே இருந்துகொண்டு தண்ணீர் வருகிறதா, கரண்ட் போய்விட்டதா என்றே பேசியிருக்கிறோம்.

என்னிடம் இல்லை என்றால் இல்லை. அவன் என்னிடம் தங்கவில்லை, உன்னிடம் போய்விட்டான். தங்கும்படி நான் நடந்துகொள்ளவும் இல்லை, நடக்கவே இல்லை என்று சொன்னவள்தானே. இதை எழுதினால் நீ விஞ்ஞானம் சொல்லித் திட்டுவாய். திட்டு.

வருகிற வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் உன் ஊருக்கு வருகிறோம். காலை பஸ். முதலில் உன்னிடம் ஒன்று கேட்கலாம் என்று இருந்தேன். நான் வந்ததும் உன் கையிலிருந்து ஒரு குழாய் எடு, எடுத்தவுடனே ஐஸில் வைக்காதே, சூடு ஆறும் வரைக்கும் என் கையில் கொடு என்று. சில்லென்று ஆகிவிட்டான் என்று சொல்லித்தானே அன்றைக்குக் கொடுக்கவில்லை. இதையே நாலு நாள் நினைத்துக்கொண்டு, நேற்றுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எழுதும்போதே எனக்கு உறைத்தது. குழாய் எதற்கு. அவன் உன்னிடம் இருந்தான் என்றால், உன்னைத் தூக்காத ஒவ்வொரு நாளும் அவனையும் தூக்காமல் விட்டிருக்கிறேன். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கிறான். நீ பள்ளிக்கூடம் போகும்போது வாசலில் நின்று பையை மட்டும் மாட்டிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு. அங்கேயும் கவுண்டர் இருக்கும், கண்ணாடிக்குப் பின்னால் நாலு பேர் இருப்பார்கள், வரிசையில் பத்துப் பேர் நிற்பார்கள். போன தடவை ஊர் பார்க்கக் கேட்டாய். இந்தத் தடவையும் பார்க்கட்டும். நான் பிடித்தால் சீக்கிரம் விட மாட்டேன், நீ நெளியாமல் நில். வயதாகிவிட்டது, பழக்கமும் இல்லை.

அப்பா டிக்கெட் எடுக்கப் போயிருக்கிறார். இரண்டு முழு மட்டும் எடுங்கள் என்று கத்திச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அம்மா